படம் உங்களுடையது, கதை யாருடையது?

குறும்படம் எடுப்பவர்கள் நடுவே அடிக்கடி காதில் விழும் மூன்று வாக்கியங்கள் உண்டு. "டைட்டிலில் கதாசிரியருக்கு நன்றி போட்டுவிட்டோம்." "இதில் ஒரு பைசாகூடச் சம்பாதிக்கவில்லை, சும்மா யூடியூபில்தான் போடுகிறோம்." "பெயரையெல்லாம் மாற்றியாச்சு, இப்போது இது வேறு கதை." மூன்றையும் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். மூன்றையும் நம்பிப் படம் எடுக்கக் கூடாது.

ஒரு வருடம் உழைத்து எடுத்த பதினைந்து நிமிட அறிபுனை (அறிவியல் புனைகதை) படம் ஒன்று விழாவுக்கும் போக முடியாமல், இணையத்திலும் ஏற முடியாமல் ஹார்ட் டிஸ்கில் கிடப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். படம் நன்றாக இருந்தது, நடிப்பும் நன்றாக இருந்தது. விழாவின் விண்ணப்பத்தில் ஒரே ஒரு வரி தடுத்துவிட்டது: மூலக்கதைக்கான உரிமைச் சான்றை இணைக்கவும். இணைக்க எதுவும் இல்லை. அந்த இயக்குநரின் முகம் இன்னும் நினைவில் இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கேமரா மலிவாகிவிட்டது, திரை இலவசமாகிவிட்டது, இனி எல்லாம் சுலபம் என்று பேசிக்கொள்கிறோம். டிஜிட்டல் மாற்றம் மலிவாக்கியது இரண்டு முனைகளைத்தான். எடுப்பது ஒரு முனை, காட்டுவது மறுமுனை. நடுவில் இருக்கும் அனுமதி என்ற கட்டம் அப்படியே இருக்கிறது. முன்பு யாரும் கேட்காமல் விட்ட இடங்களில்கூட இப்போது அதைக் கேட்கிறார்கள். ஏன் என்று படிப்படியாகப் பார்ப்போம்.

## முதலில் சில சொற்கள்

சுயாதீனப் படம் என்றால் குறைந்த செலவுப் படம் என்று பலர் நினைக்கிறார்கள். பெரிய ஸ்டுடியோவின் பணமும் பிடியும் இல்லாமல், கடைசி முடிவு எடுப்பவர்கள் கையிலேயே இருக்கும் படம்தான் சுயாதீனப் படம். 2004இல் சன்டான்ஸ் விழாவில் நடுவர் குழுவின் தலைமைப் பரிசை வென்ற 'பிரைமர்' என்ற காலப்பயணப் படத்துக்கு ஆன செலவு சுமார் 7,000 டாலர். 2012இல் வந்த ஃபின்லாந்துப் படமான 'அயர்ன் ஸ்கை'க்குப் பல லட்சம் யூரோ ஆனது, அதில் ஒரு பகுதியை ரசிகர்களே கொடுத்தார்கள். இரண்டுமே சுயாதீனப் படங்கள்தான்.

தழுவல் என்பது ஒரு வடிவில் இருக்கும் படைப்பை வேறு வடிவத்துக்குக் கொண்டுபோவது. சிறுகதை படமாவது, நாவல் தொடராவது, குறும்படம் முழுநீளப் படமாவது எல்லாம் இதில் அடங்கும்.

அப்புறம் ஒரு சின்னத் திருத்தம். பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் காப்புரிமை என்கிறோம். காப்புரிமை கண்டுபிடிப்புகளுக்கு உரியது. கதை, இசை, படம் ஆகியவற்றுக்கு இருப்பது பதிப்புரிமை. கீழே சொல்வதெல்லாம் பதிப்புரிமை பற்றியதுதான்.

## கருவை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது

இரண்டு மாடி, வெளியே படிக்கட்டு, நடுவில் முற்றம் என்று ஒரு வீடு கட்ட ஆசைப்படுகிறீர்கள். அந்த ஆசை யாருக்கும் வரலாம். ஆனால் ஒரு கட்டடக் கலைஞர் உட்கார்ந்து வரைந்த வரைபடத்தை எடுத்து, அதன்படியே கட்டினால் அது வேறு விஷயம். சட்டமும் கதைகளை இப்படித்தான் பார்க்கிறது. கரு பொதுவானது. அதை ஒருவர் விரித்துச் சொன்ன விதம் அவருடையது.

காலத்தில் பின்னோக்கிப் போவது, வேற்றுக்கோளிலிருந்து வந்த விருந்தாளி, தன்னை மனிதன் என்று நம்பும் இயந்திரம் போன்றவை கருக்கள். யார் வேண்டுமானாலும் எடுத்தாளலாம். ஆனால் ஒரு குறிப்பிட்ட சிறுகதையில் அந்த இயந்திரம் யாரைச் சந்திக்கிறது, எந்த வரிசையில் உண்மையைக் கண்டுபிடிக்கிறது, எந்தத் திருப்பத்தில் கதை முடிகிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் அந்த எழுத்தாளரின் வெளிப்பாடு. பதிப்புரிமை காப்பது இந்த வெளிப்பாட்டை.

இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே விழுகிறது என்பது வழக்குக்கு வழக்கு மாறும். ஆனால் பெயர்களை மட்டும் மாற்றினால் போதாது என்பது நூறு வருடத்துக்கு முன்பே தெளிவாகிவிட்டது. 1922இல் ஜெர்மனியில் 'நோஸ்ஃபெராட்டு' என்ற மௌனப்படம் வந்தது. 'டிராகுலா' நாவலை அனுமதி வாங்காமல் தழுவி, பாத்திரங்களின் பெயர்களை மாற்றியிருந்தார்கள். நாவலாசிரியரின் மனைவி வழக்குத் தொடர்ந்தார். 1925இல் படத்தின் பிரதிகளை அழிக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. ஏற்கெனவே வெளியே போயிருந்த சில பிரதிகள் தப்பியதால்தான் இன்று நம்மால் அந்தப் படத்தைப் பார்க்க முடிகிறது.

தழுவல் என்றால் வரிக்கு வரி படம் பிடிப்பது என்றும் நினைக்க வேண்டாம். டெர்ரி பிஸ்ஸன் 1991இல் எழுதிய சின்னஞ்சிறு கதை ஒன்று உண்டு. முழுக்க முழுக்க உரையாடல். விண்வெளியில் அறிவுள்ள இரண்டு உயிர்கள், வெறும் மாமிசத்தால் ஆன ஓர் உயிரினம் சிந்திக்கிறது, பேசுகிறது என்பதை நம்ப முடியாமல் பேசிக்கொள்கின்றன. பேசுபவர்கள் யார், எப்படி இருப்பார்கள், எங்கே இருக்கிறார்கள் என்று கதையில் ஒரு வரிகூடக் கிடையாது. எழுத்தில் அது பலம், திரையில் அதுவே சிக்கல். எதையாவது காட்டித்தானே ஆக வேண்டும்? 2005இல் இதைக் குறும்படமாக எடுத்தவர்கள் அந்த இருவரையும் மனித உருவத்தில் ஒரு சாலையோர உணவகத்தில் உட்காரவைத்தார்கள். மாமிசத்தைக் கண்டு அருவருப்பவர்கள் மாமிச உடம்புக்குள்ளேயே உட்கார்ந்து பேசுகிறார்கள், சுற்றிலும் மனிதர்கள் தின்றுகொண்டும் கொஞ்சிக்கொண்டும் இருக்கிறார்கள். விண்கலம் தேவைப்படவில்லை. கதையில் இல்லாத ஒன்றைச் சேர்த்துத்தான் கதைக்கு உண்மையாக இருந்திருக்கிறார்கள். நல்ல தழுவல் எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தப் படத்தைத்தான்.

இதுவரை பார்த்தது: கரு பொது, வெளிப்பாடு தனி. வெளிப்பாட்டைத் தொட்டால் அனுமதி வேண்டும், எவ்வளவு மாற்றி எடுத்தாலும்.

## அனுமதி என்பது ஒரு சாவிக்கொத்து

"உரிமை வாங்கிட்டோம்" என்று ஒருமையில் சொல்கிறோம். குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. பதிப்புரிமையைப் பல அறைகள் கொண்ட வீடாக நினைத்துப் பாருங்கள். புத்தகமாக அச்சிடுவது ஓர் அறை, மொழிபெயர்ப்பது ஓர் அறை, ஒலிநூல் ஓர் அறை, மேடை நாடகம் ஓர் அறை, திரைப்படம் ஓர் அறை, தொடர் இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் தனிச் சாவி. எழுத்தாளர் ஒன்றை மட்டும் கொடுக்கலாம், ஒரு நாட்டுக்கு மட்டும் கொடுக்கலாம், மூன்று வருடத்துக்கு மட்டும் கொடுக்கலாம். பதிப்பகத்திடம் புத்தகச் சாவி இருக்கிறது என்பதால் படச் சாவியும் அங்கேதான் இருக்கும் என்று சொல்ல முடியாது. பல சமயம் அது எழுத்தாளரிடமே இருக்கும்.

படச் சாவியைப் பெறும் வழக்கமான வழி ஆப்ஷன் ஒப்பந்தம். ஒரு வீடு பிடித்திருக்கிறது, முழுப் பணம் கையில் இல்லை. "ஒன்றரை வருடம் வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள், இந்தத் தொகையை வைத்துக்கொள்ளுங்கள், அதற்குள் பேசிய விலையைக் கொடுத்து எடுத்துக்கொள்கிறேன்" என்கிறீர்கள். அதுதான் ஆப்ஷன். பெரும்பாலும் 12 அல்லது 18 மாதம், அதன்பிறகு ஒருமுறை நீட்டிக்க வாய்ப்பு. வீட்டு அட்வான்ஸுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. படம் எடுக்காமல் விட்டால் இந்தப் பணம் திரும்பி வராது, எழுத்தாளர் தன் கதையை வேறு யாருக்கும் தராமல் காத்திருந்ததற்கான விலை அது.

ஆப்ஷன் போட்ட உடனே படப்பிடிப்புக்குக் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஆப்ஷன் காலத்தில் திரைக்கதை எழுதலாம், பணம் திரட்டலாம், நடிகர்களிடம் பேசலாம். படம் பிடிக்கும் முன் மீதித் தொகையைக் கொடுத்து உரிமையை எழுதி வாங்கியாக வேண்டும்.

குறும்படங்களுக்கு இவ்வளவு கனமான ஏற்பாடு தேவைப்படுவதில்லை. சில எழுத்தாளர்கள் மனமுவந்து மிகக் குறைந்த தொகைக்கே அனுமதி தருகிறார்கள். ஸ்டீஃபன் கிங் பல்லாண்டுகளாகத் தன் சிறுகதைகள் சிலவற்றை மாணவர்களுக்கும் புதியவர்களுக்கும் ஒரே ஒரு டாலருக்குக் கொடுத்துவந்தார், 2023 கடைசியில்தான் அந்தத் திட்டம் முடிவுக்கு வந்தது. ஆனால் அதில் ஒரு நிபந்தனை உண்டு, படத்தை வணிக ரீதியாக வெளியிடக் கூடாது. ஒரு டாலருக்குக் கிடைத்தது ஓர் அறையின் சாவி மட்டுமே. இன்றைய சூழலில் இது முக்கியம். "விழாக்களில் மட்டும் திரையிடலாம்" என்று எழுதித் தந்த அனுமதியை வைத்துக்கொண்டு யூடியூபில் ஏற்ற முடியாது. விளம்பர வருமானம் இல்லாவிட்டாலும் முடியாது, இணையம் இன்னோர் அறை.

பழைய ஒப்பந்தங்களில் இது இன்னும் சிக்கலாகும். இணையமே இல்லாத காலத்தில் 'திரைப்பட உரிமை' என்று எழுதிக் கொடுத்தது இன்றைய ஓடிடியையும் சேர்த்துக்கொள்ளுமா என்று பல நாடுகளில் வழக்குகள் நடந்திருக்கின்றன. அதனால்தான் இப்போதைய ஒப்பந்தங்களில் "இன்று இருக்கிற, இனி வரப்போகிற எல்லா ஊடகங்களிலும்" என்று ஒரு தொடர் தவறாமல் இடம்பெறுகிறது. இந்தியச் சட்டத்தில் 2012இல் வந்த திருத்தம் இதை எழுத்தாளர் பக்கம் நின்று பார்க்கிறது. உரிமை கைமாறும் நாளில் புழக்கத்தில் இல்லாத ஊடகம், பெயர் சொல்லிக் குறிப்பிடப்படாவிட்டால், அந்த ஒப்பந்தத்தில் சேராது. ஒப்பந்தத்தில் காலம் எழுதாமல் விட்டால் ஐந்து ஆண்டு என்றே இந்தியச் சட்டம் எடுத்துக்கொள்ளும், இடம் எழுதாமல் விட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ஒரு வரி எழுத மறந்ததால் ஆறாவது ஆண்டு படத்தை இறக்க வேண்டி வரலாம்.

இந்தத் தாள்கள் எல்லாவற்றையும் வரிசையாகச் சேர்த்தால் கிடைப்பதுதான் உரிமைச் சங்கிலி. நிலம் வாங்கும்போது தாய்ப்பத்திரத்திலிருந்து இன்றுவரை யார் யார் கை மாறி வந்தது என்று பார்க்கிறோம் அல்லவா, அதேதான். எழுத்தாளரிடமிருந்து தயாரிப்பாளருக்கு, திரைக்கதை எழுதியவரிடமிருந்து தயாரிப்பாளருக்கு, இசையமைத்தவரிடமிருந்து, நடித்தவர்களிடமிருந்து என்று ஒவ்வொரு கண்ணியும் எழுத்தில் இருக்க வேண்டும். நண்பர்கள் சேர்ந்து எடுக்கும் படங்களில் திரைக்கதை எழுதிய நண்பரிடம் கையெழுத்து வாங்குவதையே மறந்துவிடுவார்கள். மூலக்கதைக்குக் கஷ்டப்பட்டு அனுமதி வாங்கிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் வாங்காமல் விட்டதால் வில்லங்கமான படங்களும் உண்டு.

சுருக்கமாக: எந்தச் சாவி, எந்த நாட்டுக்கு, எத்தனை காலத்துக்கு, எந்தத் திரைக்கு. இந்த நான்கும் தாளில் இருந்தால் அது அனுமதி.

## பொதுக்கிணறும் சொந்தக் குடமும்

பதிப்புரிமைக்கு ஆயுள் உண்டு. அது முடிந்தால் படைப்பு எல்லோருக்கும் பொதுவாகிவிடும். பப்ளிக் டொமைன் என்பது இதைத்தான். பொதுக்கிணறு மாதிரி, யாரும் யாரையும் கேட்காமல் இறைத்துக்கொள்ளலாம். அறிபுனையின் முதல் தலைமுறைக் கதைகள் பல இப்படிப் பொதுவாகிவிட்டதால் சுயாதீனப் படைப்பாளிகள் அங்கே அடிக்கடி போகிறார்கள்.

தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. முதலாவது, கிணறு நாட்டுக்கு நாடு வெவ்வேறு நாளில் திறக்கிறது. பதிப்புரிமைக்கான பெர்ன் உடன்படிக்கை வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு எழுத்தாளரின் ஆயுளுடன் 50 ஆண்டு. இந்தியாவில் 60, ஐரோப்பிய நாடுகளில் 70. அமெரிக்காவில் பல பழைய படைப்புகளுக்கு, வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு என்ற கணக்கு. எச். ஜி. வெல்ஸ் 1946இல் இறந்தார். அவர் எழுத்துகள் இந்தியாவில் 2007லும் பிரிட்டனில் 2017லும் பொதுவாயின. ஆனால் அவர் 1933இல் வெளியிட்ட எதிர்கால வரலாற்று நாவல் அமெரிக்காவில் 2029 பிறக்கும்வரை பொதுவாகாது. திரையரங்கில் மட்டும் ஓடிய காலத்தில் இது பெரிய பிரச்சினை இல்லை, நம் நாட்டுச் சட்டத்தைப் பார்த்தால் போதும். இணையத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லா நாட்டிலும் ஒரே நொடியில் வெளியாகிறது. அப்போது எல்லா நாட்டுக் கணக்கும் நம்மைத் தொடரும். சில நாடுகளில் மட்டும் படம் தெரியாதபடி செய்யும் வசதி தளங்களில் இருக்கிறது, இப்படிப்பட்ட படங்களுக்கு அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இரண்டாவது, கிணறு பொது, குடம் பொது இல்லை. ஜூல்ஸ் வெர்ன் 1905இல் காலமானார், அவருடைய பிரெஞ்சு மூலம் பொதுவாகிப் பல காலம் ஆகிறது. பத்து வருடம் முன்பு ஒருவர் செய்த மொழிபெயர்ப்பு அந்த மொழிபெயர்ப்பாளருக்குச் சொந்தம். அந்தப் புத்தகத்தைப் படித்து, அதிலுள்ள வசனங்களையே திரைக்கதையில் வைத்தால் அவரிடம் அனுமதி வேண்டும். முந்தைய படங்களில் சேர்த்த புதிய காட்சிகளும் பாத்திரங்களும் அப்படித்தான். பழைய நாவலிலிருந்து எடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, நினைவில் தங்கியிருக்கும் படத்திலிருந்து எடுத்துவிடுவோம். நாவலை ஒருமுறை கையில் பேனாவோடு படித்து, நமக்குப் பிடித்த அந்தக் காட்சி உண்மையிலேயே அதில் இருக்கிறதா என்று சரிபார்த்துவிடுவது நல்லது.

## ரசிகர் படம்: காசு பண்ணாவிட்டால் சரியா?

ஏற்கெனவே பெயர்பெற்ற ஒரு கற்பனை உலகத்தை எடுத்து, அதன்மேல் உள்ள பிரியத்தால் ரசிகர்களே எடுக்கும் படம் ரசிகர் படம். அறிபுனையில் இது மிக அதிகம். உரிமையாளர்கள் பெரும்பாலும் கண்டும் காணாமலும் விட்டுவிடுவார்கள். அந்தப் பொறுமையை அனுமதி என்று எடுத்துக்கொள்வதில்தான் தவறு நடக்கிறது.

'ஸ்டார் ட்ரெக்' உலகத்தை வைத்து 'ஆக்ஸனார்' என்ற படத்தை எடுக்க ஒரு குழு இறங்கியது. மக்களிடம் பத்து லட்சம் டாலருக்கும் மேல் நன்கொடை திரண்டது. 2015 டிசம்பரில் உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். விமர்சனம், கல்வி போன்றவற்றுக்காக ஓரளவு எடுத்தாள அமெரிக்கச் சட்டம் விட்டுவைத்திருக்கும் இடத்தை நியாயப் பயன்பாடு என்பார்கள். அந்த வாதத்தை நீதிமன்றம் இங்கே ஏற்கவில்லை. 2017 ஜனவரியில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. இடையில் 2016இல் ரசிகர் படங்களுக்கான விதிகளை உரிமையாளர்களே வெளியிட்டார்கள். ஒரு பகுதி 15 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது, ஒரு கதை இரண்டு பகுதிகளுக்குள் முடிய வேண்டும், திரட்டும் பணம் 50,000 டாலரைத் தாண்டக் கூடாது என்பவை அவற்றில் சில.

லாபம் இல்லை என்பது நீதிமன்றத்தில் பேசப்படும் பல விஷயங்களில் ஒன்று மட்டுமே, அது தனியாக நின்று காப்பாற்றாது. அந்தப் படத்தின் முன்னோட்டக் குறும்படத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் உழைப்பு தெரியும். அதனால்தான் வருத்தமாகவும் இருக்கிறது.

## எடுக்கும் முனை: பிரம்மாண்டம் இனி தடை இல்லை

இதை வேகமாகக் கடந்துவிடலாம், எல்லோருக்கும் தெரிந்த மாற்றம்தான். முப்பரிமாண வரைகலைக்கான பிளெண்டர் மென்பொருள் 2002இல், மக்கள் தந்த ஒரு லட்சம் யூரோவால் விடுவிக்கப்பட்டு, எவரும் இலவசமாகப் பயன்படுத்தும் நிலைக்கு வந்தது. 2008இல் புகைப்படக் கேமராவிலேயே முழு எச்டி வீடியோ எடுக்க முடிந்தது. 2010இல் வந்த 'மான்ஸ்டர்ஸ்' படத்தின் விஎஃப்எக்ஸ் காட்சிகளை இயக்குநரே தன் கணினியில் உட்கார்ந்து செய்தார்.

செலவைக் குறைக்க இன்னொரு வழியும் இருக்கிறது, எனக்கு அதுதான் மேலும் பிடிக்கும். எச். பி. லவ்கிராஃப்ட் 1926இல் எழுதிய கதை ஒன்றில் கடலுக்கடியிலிருந்து ஒரு பூதாகரமான உயிர் எழுந்து வருகிறது. அவருடைய வாசகர்கள் சேர்ந்து நடத்தும் சங்கம் 2005இல் அதைப் படமாக்கியது. கதை எழுதிய அதே காலத்தில் எடுத்த மௌனப்படம் போலவே எடுத்தார்கள். கறுப்பு வெள்ளை, எழுத்து அட்டைகள், பொம்மையை அங்குலம் அங்குலமாக நகர்த்திப் படம் பிடித்த ஸ்டாப் மோஷன் பூதம், மொத்தம் 47 நிமிடம். இன்றைய படத்தில் அந்தப் பொம்மை சிரிப்பு மூட்டியிருக்கும், அந்தப் பழைய சட்டகத்துக்குள் பயமுறுத்துகிறது. பணத்தால் தீர்க்க முடியாததை வடிவத்தால் தீர்த்திருக்கிறார்கள்.

## காட்டும் முனை: ஜன்னல்கள் திறக்கும் வரிசை

முன்பு ஒரு படம் முதலில் திரையரங்கு, சில மாதம் கழித்து வீடியோ, பிறகு தொலைக்காட்சி என்று வரிசையாக வெளிவரும். இந்த ஒவ்வொரு கட்டத்தையும் ஜன்னல் என்பார்கள். ஒன்றை மூடிய பிறகுதான் அடுத்தது திறக்கும். இணையம் இந்த வரிசையைக் கலைத்துவிட்டது என்பது பாதி உண்மைதான். சுயாதீனப் படங்களுக்கு வரிசை இன்னும் இருக்கிறது, வரிசையை வகுக்கும் பொறுப்பு நம் தலையில் விழுந்திருக்கிறது.

சில விழாக்கள் முதல் திரையிடல் தங்களிடம்தான் நடக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும். ஆஸ்கர் குறும்படப் பிரிவில், தகுதிச் சுற்றை முடிக்கும் முன் இணையத்தில் பொதுவாக வெளியிட்ட படத்தை ஏற்கமாட்டார்கள். ஆர்வத்தில் முதல் நாளே யூடியூபில் ஏற்றினால் இந்தக் கதவுகள் சாத்திக்கொள்ளும். விழாக்கள் முடியும்வரை கடவுச்சொல் போட்ட இணைப்பாக வைத்திருப்பதே பாதுகாப்பு.

விழாக்களுக்குப் பிறகு பணம் வரும் வழிகள் மூன்று. மாதச் சந்தா கட்டிப் பார்ப்பது, படத்துக்குப் படம் வாடகை கொடுத்துப் பார்ப்பது, இலவசமாகப் பார்த்துவிட்டு நடுவில் விளம்பரம் பார்ப்பது. ஒரே தளம் இரண்டு மூன்று வழிகளையும் கலந்து வைத்திருக்கலாம். எழுத்தாளரிடம் அனுமதி கேட்கும்போது இந்த மூன்றையும் தனித்தனியாகச் சொல்லிவிடுங்கள்.

விளம்பர வழியில் என்ன கிடைக்கும் என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். யூடியூபில் வழக்கமான வீடியோக்களுக்கு விளம்பரப் பங்கு பெற, சேனலுக்கு 1,000 சந்தாதாரர்களும் கடந்த 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். 4,000 மணி என்பது 2,40,000 நிமிடம். உங்கள் படம் 12 நிமிடம் என்றால், அதைத் தொடக்கம் முதல் முடிவுவரை 20,000 பேர் பார்த்தால்தான் அந்தக் கோட்டைத் தொடலாம். அதைத் தாண்டிய பிறகு வரும் விளம்பர வருமானத்தில் 55 விழுக்காடு சேனலுக்கு. ஒரே ஒரு குறும்படத்தை வைத்து இதை எட்டுவது கடினம். 'டஸ்ட்' போல அறிபுனைக் குறும்படங்களுக்கென்றே இயங்கும் சேனல்கள் உருவானதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பலருடைய படங்கள் ஒரே கூரையின் கீழ் வந்தால் பார்வையாளரும் தேடி வருவார்கள். அப்படி ஒரு சேனலுக்கோ ஓடிடிக்கோ படத்தைக் கொடுக்கப் போனால் முதலில் கேட்பது, மேலே சொன்ன உரிமைச் சங்கிலியைத்தான்.

## தளம் தடுக்கவில்லை என்றால் சரி என்று அர்த்தமா?

"ஏற்றினோம், எந்தப் புகாரும் வரவில்லை, அப்படியானால் பிரச்சினை இல்லை" என்பது புதிய தலைமுறைத் தவறு. யூடியூபில் கன்டென்ட் ஐடி என்று ஓர் ஏற்பாடு 2007 முதல் இருக்கிறது. இசை நிறுவனங்களும் படத் தயாரிப்பாளர்களும் தங்கள் படைப்புகளைக் கொடுத்துவைப்பார்கள், அவற்றிலிருந்து கைரேகை போன்ற ஓர் அடையாளம் எடுக்கப்படும். புதிதாக ஏறும் ஒவ்வொரு வீடியோவின் ரேகையும் அந்தப் பதிவேட்டோடு ஒப்பிடப்படும். பொருந்தினால் தடுப்பதா, விளம்பரப் பணத்தைத் தாங்களே எடுத்துக்கொள்வதா, கண்காணிப்பதோடு விடுவதா என்று உரிமையாளர் முடிவு செய்யலாம்.

இந்த இயந்திரம் பிடிப்பது ஒலியையும் பிம்பத்தையும். கதையைப் பிடிக்கத் தெரியாது. நீங்கள் ஒரு சிறுகதையைப் புதிதாக நடித்து, புதிதாகப் படம் பிடித்து ஏற்றினால் பொருந்துவதற்கு ரேகையே இல்லை. ஆகவே பச்சைக் குறி விழும். அது இசைக்கும் காட்சிகளுக்குமான பச்சைக் குறி. மூலக்கதைக்கான புகார் ஒரு மனிதரிடமிருந்து வரும், பெரும்பாலும் படம் பரவலாகப் பேசப்படத் தொடங்கிய பிறகு. புகார் செல்லுபடியானால் படம் இறங்கும், சேனலுக்கு ஒரு ஸ்ட்ரைக், அதாவது தளத்தின் தண்டனைக் குறி, விழும். 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சேனலே போகும். அதுவரை சேர்த்த பார்வைகள், கருத்துகள், பகிர்ந்த இணைப்புகள் எல்லாம் கூடவே போகும்.

## வரைபடமும் வெட்டுத்துண்டும்

தெருவில் கதை சொல்பவருக்குக் கூட்டத்தில் யார் எப்போது எழுந்து போகிறார்கள் என்று தெரியும். தளங்கள் அதையே ஒரு வரைபடமாகத் தருகின்றன. ஒவ்வொரு நொடியிலும் எத்தனை விழுக்காட்டினர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதே பார்வை நீடிப்பு. முதல் அரை நிமிடத்தில் கோடு செங்குத்தாக இறங்குவது சாதாரணம், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 2012இலேயே யூடியூப் கிளிக்குகளைவிடப் பார்த்த நேரத்துக்கு முன்னுரிமை கொடுக்கத் தொடங்கிவிட்டது. ஆக, மெதுவாக விரியும் படத்துக்கும் இடம் உண்டு.

அறிபுனைக்கு இதில் ஒரு தனிச் சங்கடம். நல்ல அறிபுனைச் சிறுகதை பெரும்பாலும் எதையோ மறைத்துவைத்து மெல்ல அவிழ்க்கும். கோடு இறங்குகிறதே என்று முடிச்சை முதல் நிமிடத்திலேயே அவிழ்த்தால் மிச்சம் எதற்கு? என் கருத்தில், முன்னால் கொண்டுவர வேண்டியது கேள்வியை, பதிலை அல்ல. கைபேசியின் செங்குத்துத் திரைக்காகப் படத்திலிருந்து முப்பது நொடித் துண்டு வெட்டும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். எழுத்தாளருக்குத் தன் படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் தார்மிக உரிமை பல நாடுகளில் உண்டு, உரிமையை விற்ற பிறகும் உண்டு. துண்டுகளாக வெளியிடுவதையும் அனுமதி கேட்கும் கடிதத்திலேயே சொல்லிவிட்டால் மனத்தாங்கல் வராது.

ஏஐ பற்றியும் ஒரு வார்த்தை. மனிதக் கை படாமல் இயந்திரம் மட்டுமே உருவாக்கிய பகுதிக்குப் பதிப்புரிமை பதிவு செய்ய முடியாது என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2023 வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. மூலக்கதைக்கு முறையாக அனுமதி வாங்கி, காட்சிகளை முழுக்க இயந்திரத்திடம் விட்டால் சங்கிலியின் முதல் கண்ணி உறுதியாக இருந்தும் கடைசிக் கண்ணி, அதாவது உங்களுடையது, பலவீனமாகிவிடும்.

## முதல் கடிதம்

இத்தனையும் படித்துவிட்டு, நமக்கு எதற்கு வம்பு என்று தோன்றலாம். அப்படி விலகிப் போக வேண்டாம். எழுத்தாளரை நெருங்குவது இன்று முன்பைவிட எளிது. ஆன்டி வியர் தன் செவ்வாய்க் கோள் நாவலை முதலில் சொந்த இணையதளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக எழுதினார், 2011இல் கிண்டிலில் 99 சென்ட்டுக்குக் கொடுத்தார், 2015இல் அது பெரிய ஸ்டுடியோ படமாகவே வந்தது. அப்படி இணையத்தில் எழுதிக்கொண்டிருப்பவர்கள் இன்று ஏராளம், அவர்களில் பலருக்கு இதுவரை ஒரு இயக்குநர்கூடக் கடிதம் எழுதியதில்லை.

கடிதம் ஒரு பக்கம் போதும். எந்தக் கதை, எந்தப் பதிப்பு. எத்தனை நிமிடப் படம், எந்த மொழி. விழாக்களா, இணையமா, இரண்டுமா. எந்தெந்த நாடுகள், எத்தனை வருடம். எவ்வளவு தர முடியும், முடியாது என்றால் முடியாது என்றே எழுதுங்கள். டைட்டிலில் பெயர் எப்படி வரும். குறிப்பிட்ட காலத்துக்குள் படம் எடுக்காவிட்டால் உரிமை தானாக அவரிடமே திரும்பிவிடும் என்ற வரியை நீங்களே முன்வந்து எழுதினால் நம்பிக்கை பிறக்கும். எழுத்தாளர் காலமாகியிருந்தால் வாரிசுகளில் ஒருவர் சொன்னால் போதாது, எல்லோருடைய கையெழுத்தும் வேண்டும்.

அப்புறம், அந்தக் கதை ஏன் பிடித்தது என்று இரண்டு வரி. இதை யாரும் கற்றுத்தர முடியாது.

பதில் வரச் சில வாரம் ஆகலாம். அதுவரை திரைக்கதையின் முதல் வரைவை எழுதிக்கொண்டிருக்கலாம். கேமராவை மட்டும் வெளியே எடுக்காதீர்கள்.